ஓசூர் கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (லாபத்தில் ஒரு பங்கை ஊர் நலனுக்குச் செலவிடும் நிறுவன சமூகப் பொறுப்பு) பணம்: எந்த மாதம், யாரால் முடிவாகிறது?

பாலக்கோடு அப்பா

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் வராது. குடிக்கவும் போர்வெல் தண்ணீர்தான், அதில் ஃபுளோரைடு அதிகம், பிள்ளைகள் வாயைத் திறந்தாலே பல்லில் மஞ்சள் கறை தெரியும். தலைமையாசிரியரும் நானும் போன ஜனவரியில் ஓசூரில் ஒரு பெரிய கம்பெனிக்கு மனு கொண்டுபோனோம். மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார்கள், ஆனால் இந்த வருஷத்துக்கு எல்லாம் ஒதுக்கியாகிவிட்டது, அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் கடைசியில் பார்த்தால் அதே கம்பெனி பக்கத்து ஒன்றியத்தில் ஒரு பள்ளிக்கு லாரி நிறைய பெஞ்சும் டெஸ்க்கும் இறக்கியிருக்கிறது. அந்தப் பள்ளியில் ஏற்கெனவே பெஞ்ச் இருக்கிறது, எனக்கு அந்த ஊரில் சொந்தக்காரர்கள் உண்டு. ஜனவரியில் இல்லாத பணம் மார்ச்சில் எப்படி வந்தது? இவர்கள் இதை எப்படித்தான் திட்டமிடுகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இந்த முறை சரியாகப் போய்க் கேட்க வேண்டும்.

பாகலூர் ரோடு

சார், நான் ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் சி.எஸ்.ஆர். வேலைதான் பார்க்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். நடப்பதைச் சொல்கிறேன்.

தொகை எங்கள் இஷ்டத்துக்கு வருவதில்லை. முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம், அதுதான் அந்த வருஷத்துக்கு. மூன்றாவது வருஷக் கணக்கு மார்ச் 31ல்தான் முடியும் என்றாலும், டிசம்பர் காலாண்டு முடிந்ததும் நிதிப் பிரிவில் ஒரு உத்தேசத் தொகை சொல்லிவிடுவார்கள். அதை வைத்து நாங்கள் பிப்ரவரி, மார்ச்சில் ஆண்டுச் செயல்திட்டம் எழுதுவோம். எந்தத் திட்டம், எந்த ஊர், யார் செய்வது, எத்தனை தவணையில் பணம், யார் போய்ப் பார்ப்பது என்று எல்லாமே அதில் இருக்க வேண்டும். சி.எஸ்.ஆர். கமிட்டி பார்த்துப் பரிந்துரைக்கும், அப்புறம் இயக்குநர் குழு ஒப்புதல். எங்கள் கம்பெனியில் அது ஏப்ரல் அல்லது மே மாதம். ஒப்புதல் ஆனபின் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு பெயர் இருக்கும்.

அதனால் ஜனவரியில் வருபவர்களுக்கு நடப்பு வருஷப் பணமும் இருக்காது, அடுத்த வருஷப் பட்டியலும் பாதி எழுதி முடிந்திருக்கும். நாங்கள் புதிய ஊர்களைப் போய்ப் பார்ப்பதே ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குள்தான். அப்போது வாருங்கள்.

மார்ச் பெஞ்ச் விஷயம் உண்மை, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஏதாவது ஒரு திட்டம் தடைபடும். கட்டட அனுமதி வராது, நிலத்தில் தகராறு வரும். அந்தப் பணத்தை மார்ச் 31க்குள் செலவு செய்தாக வேண்டும். இரண்டு வாரத்தில் வாங்கி, இறக்கி, பில் வாங்கி, போட்டோ எடுக்க முடிந்தது என்ன? பெஞ்ச், கம்ப்யூட்டர், ஸ்மார்ட் கிளாஸ் டிவி. யாருக்குத் தேவை என்று பார்க்க நேரம் இருக்காது, எந்தத் தலைமையாசிரியர் உடனே கையெழுத்துப் போடுவாரோ அங்கே போய்விடும்.

டெபிட் கிரெடிட்

கிருஷ்ணகிரியில் ஆடிட் ஆபீஸ் வைத்திருக்கிறேன். நண்பர் சொன்னதில் சட்டத்தை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் கேட்கப் போகிறவருக்கு இது தெரிந்திருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே அந்தக் கம்பெனிக்கு சி.எஸ்.ஆர். கடமை வந்துவிடும். ஆரம்பத்தில் செலவு செய்யாவிட்டால் காரணம் எழுதினால் போதும் என்று இருந்தது. 2021 ஜனவரியிலிருந்து அது இல்லை. செலவாகாத பணம் இரண்டு வழியில் போகும். தொடர் திட்டம் என்று இயக்குநர் குழு ஏற்கெனவே முடிவு செய்திருந்தால், நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் அதே திட்டத்துக்குச் செலவழிக்கலாம். தொடர் திட்டம் இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் மத்திய அரசின் நிதி ஏதாவது ஒன்றுக்குக் கட்ட வேண்டும், பிரதமர் நிவாரண நிதி, கங்கை தூய்மை நிதி மாதிரி. கட்டாவிட்டால் அந்தத் தொகையைப் போல் இரண்டு மடங்கு அல்லது 1 கோடி, எது குறைவோ அது அபராதம். பொறுப்பான அதிகாரிகளுக்குத் தனியாக அபராதம் உண்டு.

மார்ச் அவசரத்துக்குக் காரணம் இதுதான். ஆனால் தீர்வும் இதே சட்டத்தில் இருக்கிறது: தொடர் திட்டமாக எழுதினால் அவசரமே வராது. தொடங்கிய நிதியாண்டை விட்டுவிட்டு மூன்று வருஷம் வரை நடத்தலாம். பாதிக் கம்பெனிகள் ஒவ்வொரு வருஷமும் கணக்கு தெரிவிக்க வேண்டுமே என்று சோம்பல்பட்டு ஒரே வருஷத் திட்டமாக எழுதுகிறார்கள்.

பென்னாகரம் தண்ணீர்

பாலக்கோடு அண்ணே, தண்ணீர் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் ஒரு கம்பெனி ஆர்.ஓ. பிளான்ட் (குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம்) வைத்துக் கொடுத்தது. திறப்பு விழா, ரிப்பன், கல்வெட்டு எல்லாம் நடந்தது. இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. அதில் தண்ணீரை வடிகட்டும் மெம்பிரேன் போனதும் மாற்ற ஆள் இல்லை. ஊராட்சி எங்களிடம் நிதி இல்லை என்றது. கம்பெனிக்கு எழுதினோம், அந்தத் திட்டம் முடிந்துவிட்டது, நாங்கள் ஒப்படைத்துவிட்டோம் என்று பதில் வந்தது. ஷெட்டு பூட்டியபடி இருக்கிறது. அவர்கள் கணக்கில் அது இன்னும் இத்தனை குடும்பங்களுக்குப் பாதுகாப்பான குடிநீர் என்றுதான் இருக்கும், அது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்று. ஆர்.ஓ. ஃபுளோரைடை எடுத்துவிடும், சரி. எடுத்த ஃபுளோரைடு எங்கே போகிறது? கழிவுத் தண்ணீரில் இன்னும் அதிகமாகச் சேர்ந்து வெளியே வருகிறது. அதை எங்கள் ஊரில் பிளான்ட்டுக்குப் பின்னாலேயே விட்டார்கள், பக்கத்தில்தான் போர்வெல். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பதுதான் அளவு, நம் மாவட்டத்தில் பல போர்வெல்லில் அதைத் தாண்டும். அந்த நிலத்தடியிலேயே திருப்பி விடுகிறோம்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எதற்கு வந்தது? அதன் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) பாதிப்புக் குறைப்பு என்று இருக்கிறது. ஜப்பான் கடனுதவியோடு 2013ல் திறந்தார்கள். காவிரித் தண்ணீர் உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி வரை வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் பிரச்சினை வேறு: பற்றாக்குறை என்று அதே தொட்டியில் போர்வெல் தண்ணீரையும் கலந்துவிடுவார்கள். பள்ளிக்கு மட்டும் தனி சம்ப் (தரைக்கடித் தொட்டி), போர்வெல் தண்ணீர் கலக்காமல் காவிரித் தண்ணீர் மட்டும் வரத் தனிக் குழாய், அதைக் கேளுங்கள். மெம்பிரேன் தொல்லை இல்லை, கழிவும் இல்லை. கழிப்பறைக்குப் போர்வெல் தண்ணீரே போதும், ஒரு மோட்டாரும் தொட்டியும் வைத்தால் சரியாகிவிடும்.

பாலக்கோடு அப்பா

தம்பி, காவிரித் தண்ணீர் தொட்டிக்கு வருகிறது, நீங்கள் சொன்ன மாதிரி கலக்கத்தான் செய்கிறார்கள். நாங்கள் மனுவில் ஆர்.ஓ. என்றே எழுதியிருந்தோம். சம்ப் யோசனை தலைமையாசிரியருக்கும் பிடித்திருக்கிறது.

மாங்கூழ் காவேரிப்பட்டணம்

நான் எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம் கேட்கலாமா? எங்களுடையது மாங்கூழ் ஆலை, பிரைவேட் லிமிடெட். போன வருஷத்துக்கு முன்பு வரை லாபம் 5 கோடியைத் தாண்டியதில்லை. கடந்த மூன்று வருஷம் 3 கோடி, 4 கோடி, 6.5 கோடி. எங்களுக்கும் இது வருமா? கமிட்டி எல்லாம் போட வேண்டுமா? மாம்பழம் விளைச்சலைப் பொறுத்த தொழில், அடுத்த வருஷம் லாபம் பாதியாகவும் ஆகலாம். வருஷா வருஷம் ஊர்த் திருவிழாவுக்கும் எங்கள் தொழிலாளர்களின் மருத்துவ முகாமுக்கும் செய்துகொண்டுதான் இருக்கிறோம், அதைக் காட்டலாமா?

டெபிட் கிரெடிட்

வரும் சார். போன நிதியாண்டில் 6.5 கோடி என்பதால் இந்த வருஷம் உங்களுக்குக் கடமை உண்டு. மூன்று வருஷக் கூட்டுத்தொகை 13.5 கோடி, சராசரி 4.5 கோடி, அதில் 2 சதவீதம் 9 லட்சம். லாபக் கணக்கு வரி கட்டுவதற்கு முந்தையது, பிரிவு 198ன்படி எடுக்க வேண்டும், உங்கள் ஆடிட்டர் செய்துகொடுப்பார். தொகை 50 லட்சத்துக்குள் என்பதால் தனிக் கமிட்டி வேண்டாம், இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம். இந்த வருஷ லாபம் 5 கோடிக்குக் கீழே போய்விட்டால் (மற்ற இரண்டு வரம்பும் உங்களுக்கு வராது என்று வைத்துக்கொள்கிறேன்) அடுத்த வருஷத்துக்குக் கடமை இல்லை. நம் பக்கம் பல மாங்கூழ் ஆலைகள் கம்பெனி அல்ல, கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்) நிறுவனங்கள், அவற்றுக்கு இந்தப் பிரிவே கிடையாது.

திருவிழா விளம்பரதாரர் செலவு சேராது. தொழிலாளர்களுக்கு மட்டும் என்று நடத்தும் முகாமும் சேராது. அதையே ஊர் மக்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டால், உங்கள் ஆட்களும் அதில் வந்து பார்த்துக்கொண்டால் தவறில்லை. ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவைக் காட்டக் கூடாது, அது வேறு சட்டத்தின்படி நீங்கள் எப்படியும் செய்தாக வேண்டிய வேலை. வருமான வரியில் சி.எஸ்.ஆர். செலவை வியாபாரச் செலவாகக் கழிக்க முடியாது, அதையும் மனதில் வையுங்கள்.

லாபம் ஏறி இறங்கும் தொழில் என்றால் ஒரு வசதி இருக்கிறது. நல்ல வருஷத்தில் 9 லட்சத்துக்குப் பதில் 15 லட்சம் செய்துவிட்டால், மிச்சம் 6 லட்சத்தை அடுத்த மூன்று நிதியாண்டுக் கடமையில் கழித்துக்கொள்ளலாம், இயக்குநர் குழு தீர்மானம் வேண்டும்.

அஞ்செட்டி மலை

எல்லாம் சரி, ஆனால் அடிப்படைக் கேள்வியை யாரும் தொடவில்லை. ஆலை இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில். நிலம் இங்கே, தண்ணீர் இங்கே, லாரி ஓடுவது இங்கே. முடிவெடுப்பது பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கும் தலைமை அலுவலகம். கம்பெனி இயங்கும் இடத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறதே? 2022-23ல் நாடு முழுக்க சி.எஸ்.ஆர். செலவு கிட்டத்தட்ட 30,000 கோடி. அதில் மகாராஷ்டிராவுக்குத்தான் முதலிடம், தலைமை அலுவலகங்கள் அங்கே இருப்பதும் ஒரு காரணம். மாநிலத்துக்குள்ளும் அதே கதைதான். ஓசூரைச் சுற்றி இருக்கும் பள்ளியில் மூன்று கம்பெனிகளின் பெயர்ப்பலகை தொங்கும், அஞ்செட்டி மலைக் கிராமத்தில் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

டெபிட் கிரெடிட்

அந்த வாசகம் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அது கட்டாயம் இல்லை, வழிகாட்டுதல்தான் என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் விளக்கம் கொடுத்துவிட்டது. வழக்குப் போட்டு ஜெயிக்க முடியாது. பேசித்தான் வாங்க வேண்டும்.

பாகலூர் ரோடு

மலைக்கு ஏன் போவதில்லை என்பதற்கு உள்ளே இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரு கம்பெனி தானே நேரடியாகச் செய்யலாம், அல்லது பதிவான அமைப்பு மூலம் செய்யலாம். அந்த அமைப்பு 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், கம்பெனியே தொடங்கிய அமைப்பாக இல்லாவிட்டால் மூன்று வருஷ அனுபவமும் வேண்டும். பெரிய குழுமங்களுக்குச் சொந்த அறக்கட்டளை உண்டு, டி.வி.எஸ். தரப்பின் ஸ்ரீனிவாசன் சர்வீசஸ் டிரஸ்ட் சட்டம் வருவதற்கு வெகு முன்பே, 1996லிருந்து இருக்கிறது. எங்களை மாதிரி நடுத்தரக் கம்பெனிக்கு இரண்டு பேர்தான் சி.எஸ்.ஆர். பிரிவில். எங்கே பேப்பர் சரியாக வைத்திருக்கும் தொண்டு நிறுவனம் இருக்கிறதோ அங்கே பணம் போகிறது. அஞ்செட்டிப் பக்கம் அப்படி அமைப்புகள் குறைவு. இது நியாயமில்லைதான், தேவை அதிகமுள்ள இடத்தில் பேப்பர் குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. தொண்டு நிறுவனத்துக்குப் பணம் அனுப்பினாலே செலவு ஆனதாகக் கணக்கு இல்லை, அவர்கள் முழுத் தொகையையும் செலவு செய்திருக்க வேண்டும். அதற்கு எங்கள் நிதித் தலைவர் சான்று கொடுக்க வேண்டும். அதனால்தான் மார்ச் மாதம் பில் கேட்டு விடாமல் போன் செய்கிறோம்.

சித்தேரி அக்கா

நான் அரூர் பக்கம் மலைக் கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணி செய்கிறேன். பாகலூர் ரோடு தம்பி சொன்ன மார்ச் போன் எல்லாம் எனக்குத்தான் வரும்.

என் கோபம் வேறு இடத்தில். புரொபோசல் அனுப்பினால் பொருளுக்கு ஒப்புக்கொள்வார்கள், ஆள் சம்பளம் என்று எழுதினால் அடித்துவிடுவார்கள். கேட்டால் நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, சட்டம் என்பார்கள். அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்குத்தான். திட்டத்திலேயே வேலை செய்கிற ஆசிரியை, செவிலி, களப்பணியாளர் சம்பளம் திட்டச் செலவு, அதில் சேராது. அமைச்சகம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆனாலும் எங்கள் மேல்தான் அந்த அளவுகோலை வைக்கிறார்கள்.

நம் மாவட்டத்திலேயே பாருங்கள். சிட்லிங்கியில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993ல் ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். அது நிலைத்து நின்றதற்குக் காரணம் கட்டடமா? அந்த மலைப் பெண்களையே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர் ஆக்கினார்கள், அதுதான். கிருஷ்ணகிரியில் ஐ.வி.டி.பி. தொண்டு நிறுவனத்தின் குழந்தை பிரான்சிஸ் 2012ல் மகசேசே விருது வாங்கினார், அங்கேயும் அடிப்படை பெண்கள் சுய உதவிக் குழுக்கள்தான். பொருள் வாங்கிக் கொடுத்து வளர்ந்த வேலை இல்லை. மனிதர்களுக்குச் சம்பளமும் பயிற்சியும் கொடுக்காத எந்தத் திட்டமும் பென்னாகரம் தம்பி சொன்ன ஆர்.ஓ. ஷெட்டு மாதிரிதான் முடியும். கம்பெனிகள் இதை மாற்றிக்கொள்ளும் வரை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

பாகலூர் ரோடு

அக்கா, 5 சதவீத விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எங்கள் நிதிப் பிரிவிலேயே இதற்காக வாதாட வேண்டியிருந்தது. அடுத்த முறை புரொபோசலில் சம்பளத்தைத் தனி வரியாக, அந்த ஆள் என்ன வேலை, எந்த ஊர், எத்தனை மாதம் என்று திட்டச் செலவுக்குள்ளேயே எழுதுங்கள். பொதுவாக சம்பளம் என்று கடைசியில் ஒரு வரி போட்டால் நிர்வாகம் என்று அடித்துவிடுவார்கள். பராமரிப்பும் அப்படித்தான், மூன்று வருஷப் பராமரிப்பை முதல் நாளே திட்டத்துக்குள் வைக்க வேண்டும். ஒப்படைத்தபின் கேட்டால் எங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

பாலக்கோடு அப்பா

எவ்வளவு விஷயம்! நன்றி. நாங்கள் எழுதப் போவது இது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் போர்வெல் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் பரிசோதித்து அறிக்கையை இணைப்பது. காவிரித் தண்ணீருக்குத் தனிக் குழாயும் சம்ப்பும், கழிப்பறைக்கு மோட்டாரும் தொட்டியும். ஒரு உள்ளூர்ப் பெண்ணுக்குக் கழிப்பறையும் தொட்டியும் சுத்தம் செய்ய மூன்று வருஷச் சம்பளம், மோட்டார் பழுது பார்க்கும் செலவு தனி. தொடர் திட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனுவிலேயே கேட்பது. செப்டம்பரில் போவது. இரண்டு சந்தேகம்: எங்கள் மேலாண்மைக் குழுவுக்கு சி.எஸ்.ஆர்.-1 எல்லாம் கிடையாது, பணம் யார் பெயரில் வரும்? அப்புறம், எந்தக் கம்பெனியைப் போய்ப் பார்ப்பது?

டெபிட் கிரெடிட்

பணம் உங்களுக்கு வர வேண்டாம் சார். கம்பெனி நேரடியாக ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்து வேலையை முடிக்கலாம், உருவான சொத்தை அரசுப் பள்ளியிடம் ஒப்படைக்கலாம். சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது, அரசுப் பொது அமைப்பிடமோ, பயனாளிகளின் குழுவிடமோ, சி.எஸ்.ஆர். பதிவுள்ள தொண்டு அமைப்பிடமோதான் இருக்க வேண்டும். இல்லையென்றால் 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் வழியாகவும் போகலாம், தலைமையாசிரியருக்கு அது தெரிந்திருக்கும். குழாய் வேலைக்கு ஊராட்சித் தீர்மானம் ஒன்று இப்போதே வாங்கி வையுங்கள், மார்ச்சில் திட்டம் தடைபடுவது பெரும்பாலும் இந்த ஒரு காகிதம் இல்லாததால்தான். பராமரிப்பு முடிந்த நான்காவது வருஷம் யார் கரண்ட் பில் கட்டுவார்கள் என்பதும் அந்தத் தீர்மானத்திலேயே இருக்கட்டும்.

எந்தக் கம்பெனி என்பதற்கு: ஒவ்வொரு கம்பெனியும் இணையதளம் வைத்திருந்தால் அதில் சி.எஸ்.ஆர். கொள்கை, கமிட்டி உறுப்பினர்கள், ஒப்புதலான திட்டங்கள் மூன்றையும் போட்டாக வேண்டும். ஆண்டறிக்கையின் சி.எஸ்.ஆர். இணைப்பில் போன வருஷம் எவ்வளவு செலவாகாமல் நின்றது என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். அமைச்சகத்தின் தேசிய சி.எஸ்.ஆர். தளத்தில் மாவட்டவாரியாகவும் தேடலாம். குடிநீரும் கல்வியும் கொள்கையில் இருக்கும் கம்பெனிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்.

மாங்கூழ் காவேரிப்பட்டணம்

ஆடிட்டர் சாருக்கு நன்றி. எங்கள் இயக்குநர் குழு அடுத்த மாதம் கூடுகிறது. பாலக்கோடு சார், பரிசோதனை அறிக்கை வந்ததும் தனிச் செய்தியில் அனுப்புங்கள். உறுதி எதுவும் இப்போது சொல்ல மாட்டேன், எங்கள் ஆலையைச் சுற்றியுள்ள இரண்டு ஊர்களிலும் இதே தண்ணீர்ப் பிரச்சினைதான், அவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பாலக்கோடு அப்பா

அதுதான் முறை, அவர்களை முதலில் பாருங்கள். அறிக்கை கட்டாயம் அனுப்புகிறேன். அந்த இரண்டு ஊர்த் தண்ணீரையும் இப்போதே பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள் சார், காவிரித் தண்ணீர் அங்கே தொட்டி வரை வருகிறதா என்றும் விசாரியுங்கள், குழு கூடும்போது இரண்டும் உங்கள் கையில் இருக்கும்.